இடப்பக்கம் குத்திய பதக்கங்கள்

குடையை மடக்கிக்கொண்டு ஜேனிஸ் தேவாலயக் கூடத்துக்குள் நுழைந்தபோதே லெஸ் ஆர்மிட்டேஜ் அதைப் பார்த்துவிட்டார். போரில் செத்துப்போன தன் அண்ணன் நெவிலின் இரண்டு பதக்கங்களையும் அவள் கறுப்புக் கோட்டின் இடப்பக்கம் குத்தியிருந்தாள்.

இடப்பக்கம் போருக்குப் போய் வந்தவர்களுக்கு. இறந்தவனின் பதக்கத்தை அணியும் சொந்தக்காரர்கள் வலப்பக்கம்தான் குத்துவார்கள். நாற்பது வருடமாக அவள் அம்மா அப்படித்தான் குத்தினாள். அம்மா மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள். போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்கு ஜேனிஸ் அவற்றை அணிவது இந்த நவம்பரில்தான் முதல் தடவை.

“அம்மாவோட போன வருஷப் படத்த எதிர்ல வச்சுக்கிட்டு, அதுல எந்தப் பக்கமோ அதே பக்கம் குத்திக்கிட்டேன்” என்றாள். “சரியா இருக்கா லெஸ்?”

படத்தில் இருப்பவரின் வலப்பக்கம் பார்ப்பவருக்கு இடப்பக்கமாகத் தெரியும். சொன்னால் சிரித்துக்கொண்டே மாற்றியிருப்பாள். போட்டிருக்கும் கோட்டில் ஊக்கைக் கழற்றிக் குத்த அவள் விரல்களுக்கு வராது, அவரிடம்தான் கொடுப்பாள். நெவிலின் பதக்கங்களைக் கையில் வாங்க வேண்டியிருக்கும்.

“நல்லா இருக்கு” என்றார்.

தேநீர் வாங்கிக்கொண்டு இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். நெவிலின் அம்மா, அந்தக் கிழவி, உயிரோடு இருக்கும்வரை சொல்ல முடியாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். மார்ச்சுக்குப் பிறகு நான்கு தடவை ஜேனிஸுக்குத் தொலைபேசியில் பேசினார். நான்கு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

“ஜேனிஸ்.”

“ம்?”

அவள் முகத்தை நிமிர்த்தினாள். நெவிலின் அதே வெளிறிய புருவம்.

“சர்க்கரை போதுமா?”

“ரெண்டு போட்டேன். ஏன் இப்படிப் பதறுற? மலர்வளையம் வைக்க வர்ற இளவரசி ஒண்ணும் உன்னக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க.”

முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் டங்கன் கைதட்டிக்கொண்டே வந்தான். பழைய சார்ஜென்ட். தொப்பை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நின்றது.

“கேட்டுக்கங்கப்பா! மொதல்ல ‘இளவரசி அவர்களே’. அப்புறம் வெறும் ‘மேடம்’. அவங்க கை நீட்டினாத்தான் நீங்க நீட்டணும். கேட்டதுக்கு மட்டும் பதில். ஆளுக்கு இருபது செகண்டு. டேய் லெஸ், உன் மூட்டுவலிக் கதைய ஆரம்பிச்சே, உன்னையும் சதுக்கத்து நினைவுக் கல்லுக்கடியில பொதச்சிருவேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜேனிஸ்தான் அதிகம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே சொல்ல முடியவில்லை. பிறகு அணிவகுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு ஊதுகொம்பு ஓய்ந்தது. சதுக்கத்தில் இருநூறு பேர் தலைகுனிந்து நின்றார்கள். இரண்டு நிமிட மௌனம். ஊரே வருடத்துக்கு ஒருமுறை கடைப்பிடிக்கும் மௌனத்தை லெஸ் தினமும் கடைப்பிடித்தார். அதனால் அதற்குள் என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஃபாக்லாந்துத் தீவு, அர்ஜென்டினாவோடு போர் நடந்த எண்பத்திரண்டாம் வருடம், ஜூன் மாதக் குளிர். மூடுபனியில் ரோந்து போனபோது நெவில் கண்ணிவெடியில் கால் வைத்தான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். லெஸ் மட்டும் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. பனி விலகியதும் ஆட்கள் வந்து வெடி இல்லாத வழியைக் காட்டினார்கள். அதன் பிறகு லெஸ்தான் நெவிலைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினார். அது பொய்யில்லை. இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். ஊர் திரும்பி, அந்தச் சின்னச் சமையலறையில் கிழவி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, அப்போது உயிர் இருந்தது, வழியில் என் கையில்தான் போனான், வலியே இல்லை என்று சொன்னார்.

மௌனம் முடிந்தது. இளவரசி மலர்வளையம் வைத்துவிட்டு வரிசைக்கு வந்தார். இளவரசி ஜெரால்டினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவர். ஒவ்வொருவர் முன்னாலும் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். ஜேனிஸின் முன்னால் வந்ததும் அவர் பார்வை கோட்டின் இடப்பக்கம் போனது.

“எந்தப் படைப்பிரிவுல இருந்தீங்க?”

ஜேனிஸுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “நானா? இல்லீங்க மேடம்... இது எங்க அண்ணனோடது. அவன் அங்கேயே...”

பின்னால் நின்ற அதிகாரி கண்ணை மூடித் திறந்தான். இளவரசிக்கும் தவறு புரிந்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க” என்று மெல்லச் சொன்னார். அவரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று பதறி, ஜேனிஸ் லெஸின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“இவருதான் மேடம் போருக்குப் போனவரு. எங்க அண்ணனத் தூக்கிட்டு வந்தவரு. இவரு கையிலதான் அவன் உயிர் போச்சு. இவரு மட்டும் இல்லேன்னா எங்கம்மா அன்னிக்கே செத்திருப்பாங்க.”

இளவரசி நிம்மதியோடு திரும்பிக் கையை நீட்டினார். லெஸ் பிடித்தார். சிறிய கை, கம்பளிக் கையுறை.

“அவரோட கடைசி நேரத்துல கூடவே இருந்தீங்களா?”

‘ஆமாம், மேடம்.’ இரண்டே சொல். இருபது செகண்டில் பதினைந்து மிச்சம் இருக்கும். லெஸின் வாய் அதற்காகத்தான் திறந்தது.

“இல்ல மேடம். நான் போறதுக்குள்ள செத்துட்டான். அவன் கூப்பிட்டான். நான் போகல.”

அந்த நொடியில் வாத்தியக்குழு எடுத்த எடுப்பில் முழங்கியது. இளவரசி காதை அவர் பக்கம் சாய்த்து, கேட்டுவிட்டதுபோல் தலையசைத்தார்.

“அற்புதம். நீங்க செஞ்ச எல்லாத்துக்கும் நன்றி” என்றார். உண்மையான கனிவோடுதான் சொன்னார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஜேனிஸ் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை இன்னும் அவர் முழங்கையில் இருந்தது.

“பேண்டு சத்தத்துல எனக்குத் தப்பாக் காதுல விழுந்துச்சு. இல்ல லெஸ்?”

ஒரு பாட்டு முழுதும் முடிந்தது. அவள் காத்திருந்தாள்.

“சரியாத்தான் விழுந்துச்சு.”

கை முழங்கையை விட்டது.

“எவ்வளவு நேரம்?”

“மூணு மணி நேரம்.”

“நெனவு இருந்துச்சா அவனுக்கு?”

“இருந்துச்சு. கடைசில கொஞ்ச நேரந்தான் சத்தமில்ல.”

“அம்மாவையா கூப்பிட்டான்?”

“என்னத்தான்.”

வரிசையின் கடைசியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

“எவ்வளவு தூரம்?”

லெஸ் சதுக்கத்தைப் பார்த்தார். எதிர்ச்சாரியில், பேக்கரி வாசலில், சிவப்புத் தபால்பெட்டி நின்றது.

“அந்தத் தபால்பெட்டி வரைக்கும் இருக்கும்.”

அவளும் அதைப் பார்த்தாள்.

“படம் எடுக்கணும், நெருங்கி நில்லுங்க!” என்று டங்கன் கத்தினான். “மேடம் நடுவுல நிப்பாங்க. ஜேனிஸ் கண்ணு, லெஸ் பக்கத்துல வா!”

ஜேனிஸ் வரிசையை விட்டு இறங்கினாள். மலர்வளையங்களைச் சுற்றிக்கொண்டு, ஈரமான கல்தரையில் அவசரமில்லாமல் நடந்தாள். போலீஸ்காரன் ஒருவன் கயிற்றைத் தூக்கி வழிவிட்டான். அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருப்பான்.

“எங்க போற ஜேனிஸ்? இளவரசி காத்திருக்காங்க!”

தபால்பெட்டி வரை போய் அவள் நின்றாள். திரும்பினாள். இளவரசியும் அதிகாரியும் பதக்கம் குத்திய கிழவர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல்தான் கூப்பிட்டாள்.

“லெஸ்.”

தெளிவாகக் கேட்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.