பத்து மில்லிமீட்டர்

சகல முழங்கால்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், உங்களைத் திறந்து பார்க்காமலே உங்கள் உள்விவகாரத்தைச் சொல்லிவிடும் சூத்திரம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர் பெரிய எலும்பு டாக்டர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மில்லிமீட்டர்.

மூட்டுக்குள் தசைநார் அறுந்தால் தொடையிலிருந்து வேறொரு நாரை உருவி, மடித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்துக் கட்டுவார்கள். துளை நாருக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒட்டாது. மற்ற டாக்டர்கள் நாரை உருவிய பிறகு அதன் தடிமனை அளப்பார்கள். மில்லிமீட்டரோ உயரத்தையும் தொடைச் சுற்றளவையும் வைத்து முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. தப்பியது என்று சொன்ன ஒரு டாக்டருக்கு இப்போது மாவுக்கட்டு அறையில்தான் வேலை.

அப்பேர்ப்பட்டவர் பூப்பந்து ஆடப் போய், வெளியே போகிற பந்துக்குத் தாவி, தன் நாரையே அறுத்துக்கொண்டார்.

"எனக்குப் பத்து," என்றார், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு.

"உங்க அப்பா, சித்தப்பா காலெல்லாம் பாத்திருக்கேன்," என்றார் மனைவி. "கொக்கு தோத்துடும்."

"உனக்கு சூத்திரம் தெரியாது."

"உங்க கால் தெரியுமே."

கத்தி வைக்கப்போவது அவருடைய உதவி டாக்டரம்மா. "பத்துல துளை போட்டுடும்மா. அளந்துகிட்டு நிக்காதே," என்று உத்தரவானது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதுமாம். அவர் தூங்கிவிட்டால் மேற்பார்வைக்கு ஆள் வேண்டாமா?

ஆபரேஷன் அன்று, அவர் பார்வையை மறைத்த திரைக்கு இந்தப்பக்கம் டாக்டரம்மா நாரை மடித்து, அளவுத் தகட்டின் பத்தாம் ஓட்டையில் விட்டார். விழுந்தது. ஒன்பதில் வழுக்கியது. எட்டில் கச்சிதமாகப் பிடித்தது.

"என்னக்கா செய்யப்போறீங்க?" என்று நர்ஸ் கிசுகிசுத்தார். "அவர் காலாச்சே!"

"எப்பவும் செய்யறதுதான்."

அந்தப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "என்னம்மா, எவ்வளவு?"

"பத்து சார்."

"சொன்னேன்ல!"

மயக்க டாக்டருக்குத் திடீரென இருமல் வந்துவிட்டது. டாக்டரம்மா நர்ஸிடம் எட்டு விரல்களைக் காட்டினார். எட்டாம் நம்பர் துளைமுனை கைக்கு வந்தது.

சில மாதங்கள் கழித்து மில்லிமீட்டர் ஊன்றுகோல் இல்லாமல் மாநாட்டு மேடையேறி, சூத்திரம் தன் உடம்பிலேயே நிரூபணமாகிவிட்டதாக முழங்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. டாக்டரம்மாவும் தட்டினார்.

துளை எட்டு.