கடைசி ஒரு முழம்

ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய பவர் சப்ளையைப் பொருத்திய புதன்கிழமை காலை, இரண்டு வருடமாகப் பேச்சில்லாதிருந்த ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்றது. அறிவிப்பாளர் அப்போது சமையலறை வாசலில் டம்ளரும் கையுமாக நின்றாள். அவள் வாய் அசையவில்லை.

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆவதற்கு முந்தின நாள், அவளுடைய கணவன் அவள் குரலை அரை மணி நேரம் ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். ஊர்ப் பெயர்களையும் ரயில் நேரங்களையும், அவை தீர்ந்ததும் மருந்துப் பெட்டியில் எழுதியிருந்ததையும் அவள் வாசித்திருந்தாள். குரல் போய், சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டத் தொடங்கிய பிறகு, அவன் அந்தக் கேசட்டைத் தினமும் போட்டான். ஆம்ப்ளிஃபயர் கூடவே வண்டு மாதிரி இரைந்தது. அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

கணவன் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பவன், பொறுமைக்குக் குறைச்சலில்லை. குற்றம் கேசட்டில் இல்லை, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்சாரத்தில்தான் என்று முடிவுகட்டினான். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றி, இரைச்சலை வடிகட்ட டம்ளர் பருமனில் கெப்பாசிட்டர்கள் வைத்து, புதிய பவர் சப்ளையைத் தனிப் பெட்டியாகச் செய்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“கரண்டுல என்ன மாப்ளே நல்ல கரண்டு, கெட்ட கரண்டு? நூறு மைல் கண்ட கம்பியில வந்ததை, கடைசி ஒரு முழத்துல நீ சுத்தம் பண்ணிடுவியா?”

“அந்த ஒரு முழந்தான் மச்சான் என் கையில இருக்கு.”

சர்க்கரைச் சேதி கேட்டு அண்ணன் மீட்டரோடு வந்தான். பழைய பவர் சப்ளையை மாட்டினால் இரைச்சலும் ஊர்ப் பெயர்களும் மட்டுமே வந்தன. புதியதை மாட்டியதும், “ஈரக் காலோட உள்ள வராதேன்னு எத்தனை தடவை எழுதிக் காட்டுறது அண்ணா?” என்று அவள் நினைத்தது அப்படியே கேட்டது. வோல்டேஜ் எல்லாம் அதேதான், அதேதான் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

அதன்பின் ஒன்பது நாள், இரண்டு வருடப் பேச்சு பாக்கியில்லாமல் வந்தது. கணவன் வேலைக்கு லீவு போட்டுக் கேட்டான். நோட்டில் ஒருபோதும் எழுதாத ஒன்று, ஒன்பதாம் நாள் வந்தது.

“அந்தக் கேசட்ல இருக்கிறவளைத்தான் உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்.”

அவன் ஸ்பீக்கரை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“அவ அரை மணி நேரத்துல ஓய்ஞ்சுடுவா,” என்றான். “உன்கிட்ட அந்த நிம்மதி ஏது?”

ஸ்பீக்கர் சிரித்தது. அவள் தோளும் குலுங்கியது.

மறு மாதம் அவள் வேலைக்குத் திரும்ப மனுப் போட்டாள். நிலைய அதிகாரி அவள் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டு, “அறிவிப்பாளர் சொந்தக் கருவியுடன் பணிபுரிவார்” என்று கோப்பில் எழுதினார். அண்ணனும் கணவனும் பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறிவிப்பு அறைக்கு ஏற்றினார்கள். ஒன்பது ஐந்து வண்டி மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று அவள் நினைத்தாள். ஜனங்கள் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் பிளாட்பாரத்துக்கு நடந்தார்கள்.