மரித்தோர் பட்டியலில் டிலோஜினி

எங்கள் மகள் டினோஜா பத்தாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் எல்லாரையும்விட உயரம். அதற்காக டிலோஜினி என்கிற பிள்ளை அவளுக்குக் 'கொடிமரம்' என்று பெயர் வைத்து, பின்னலில் கைலேஞ்சித் துணியைக் கட்டிவிட்டு, "கொடியேத்தியாச்சு, திருவிழா துவங்கலாம்" என்று வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறாள். இரண்டு மாதமாம். டினோஜா பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்த அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது அம்மா. ரீச்சருக்கும்தான். சொன்னால் நான் பள்ளிக்கூடப் பக்கமே போகமாட்டன்."

சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். ஆனால் ஆண்டவரிடம் சொல்வது அதில் சேராது என்று எனக்குப் பட்டது. அந்தப் பிள்ளை மனம் மாறும்படி பூசையில் செபிக்க ஒரு துண்டுச் சீட்டு எழுதினேன். விஷயம் வெளியே வரக்கூடாதென்று அவளுடைய பெயரை மட்டும் எழுதி, என் மனிசன் கொன்ஸ்ரன்ரைனிடம் கொடுத்து, கோயில் பெட்டியில் போடச் சொன்னேன்.

கார்த்திகை மரித்தோருக்கான மாதம் என்பதால், எங்கள் வங்காலைக் கோயில் வாசலில் இரண்டு பெட்டி வைப்பார்கள். ஒன்று விண்ணப்பங்களுக்கு. மற்றது மரித்தவர்களின் பெயர்களுக்கு. அந்தப் பெயர்களை மாதம் முடியும்வரை ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். இவர் கைக்கு எட்டிய பெட்டியில் போட்டார்.

"டிலோஜினி, இவருடைய ஆன்மா இளைப்பாறும்படி" என்று வாசித்தபோது, அவள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றாள். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் மனிசன் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்த கையோடு அவளுடைய தாய் பெற்றிசியா, மகளையும் துண்டையும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரில் பாதிப்பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். என் கையெழுத்தை மறைக்க வழியில்லை.

"அக்கா, என்ர பிள்ளை எப்ப செத்தவள்?"

"பெட்டி மாறிப்போச்சு," என்றார் இவர்.

"சரியான பெட்டியில போட்டாலும் என்னத்துக்கு? அவளுக்குக் காய்ச்சல், வருத்தம் ஒண்டும் இல்லையே."

மறுமொழி சொன்னால் சத்தியம் போய்விடும். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றேன்.

"ஓம், செத்தவீட்டில அதுதானே குடுக்கிறது."

அப்போது டினோஜா அறையிலிருந்து வந்தாள். "அம்மாவைக் கேக்காதேங்கோ அன்ரி. நான் சொல்லுறன்."

கொடிமரம், கைலேஞ்சி, எல்லாவற்றையும் சொன்னாள். பெற்றிசியா மகளைப் பார்த்தாள்.

"உண்மையோ?"

"சும்மா பகிடிக்குத்தான் அம்மா," என்ற டிலோஜினி அழத் தொடங்கினாள். "என்ர பெயரை வெட்டச் சொல்லுங்கோ. அடுத்த ஞாயிறும் வாசிப்பினம்."

"நாளைக்கு நானும் வகுப்புக்கு வாறன்," என்றாள் டினோஜா. "எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேள். பிறகு நானே பாதரிட்டப் போய் வெட்டுவிக்கிறன்."

டிலோஜினி தாயைப் பார்த்தாள்.

"என்னை என்ன பாக்கிறாய்?" என்றாள் பெற்றிசியா. "கேட்டுப்போட்டு வா. அதுவரைக்கும் நீ செத்த ஆள்தான்."