உரிமையை விட்டுக்கொடுக்காமல்

எனக்கு ஒரு பழக்கம். எதற்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தாலும், 'எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல் சம்மதிக்கிறோம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். இன்றைக்குத் தலையாட்டினாலும் நாளைக்கு வழக்குப் போடலாம் என்று அதற்கு அர்த்தம். குழாய் ரிப்பேருக்கு நாள் குறித்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டில்கூட அதை எழுதினேன். "குழாய்க்கும் உரிமைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். கடல் சட்டம் பார்க்கிற வக்கீலைக் குடிவைத்தால் அனுபவிக்க வேண்டியதுதான்.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். ஏழு மாதமாக அந்தக் கரையைப் போர்க்கப்பல்கள் முற்றுகையிட்டிருந்தன. அவளுடைய பத்து வயது மகளுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போடும்போதுகூட, "சித்தி, உனக்கும் ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்கிற ரகம்.

"மூணு வாரத்துக்குத்தான்டி மருந்து இருக்கு" என்றாள் அக்கா ஃபோனில்.

நாலு பேரைப் பிடித்து ஒரு படகை ஏற்பாடு செய்தோம். அந்த ஊர்க் குழந்தைகள் எல்லோருக்குமாக ஆறு ஐஸ் பெட்டிகளில் இன்சுலின். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே சூடு ஏறினால் அது கறுத்துவிடும். படகோட்டிக்கு மீசை என்று பட்டப்பெயர். முகத்தில் மீசை கிடையாது, முறுக்கு மட்டும் உண்டு.

படகு கிளம்பிய மூன்றாம் நாள் மத்தியானம், ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நடுக்கடலிலிருந்து ஃபோன் வந்தது.

"வக்கீலம்மா, கப்பற்படைக்காரன் மறிச்சுட்டான். அவன் துறைமுகத்துக்கு வரணுமாம். சோதனை போட்டுட்டு மருந்தை அவனே லாரியில அனுப்புவானாம். என்ன சொல்லட்டும்?"

முறைப்படி அறிவித்த முற்றுகையை மீறப் போகிற படகை நடுக்கடலிலும் நிறுத்தலாம் என்பது அவர்கள் வாதம். ஜனங்களைப் பட்டினி போடுகிற முற்றுகையே செல்லாது, சோதனை போட்டாலும் மருந்துக்கு வழி விட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் வாதம். அவன் துறைமுகத்துக்குப் போனால் முற்றுகையை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயந்தேன். போதாததற்கு, இதற்கு முன்னால் வேறு யாரோ அனுப்பிய படகை இப்படி மறித்தபோது, அதில் வந்த மருந்தில் பாதியைத்தான் அனுப்பினான் அந்தப் புண்ணியவான்.

"முடியாதுன்னு சொல்லுங்க. சட்டம் நம்ம பக்கம்."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா? ஐஸ் ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும்."

"சொன்னதைச் செய்ங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

படகைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மீசையையும் மற்றவர்களையும் அடைத்துவைத்தார்கள். பெட்டிகளை வழக்குச் சொத்து என்று சீல் வைத்து, மேல்தளத்திலேயே வெயிலில் போட்டார்கள். அவசர மனுப் போட்டேன். வாய்தா. திரும்பவும் போட்டேன். திரும்பவும் வாய்தா.

மருந்து தீர்ந்த ஐந்தாம் நாள் வாலு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மருந்தைத் தடுத்தது சட்டவிரோதம். ஆட்களை விட்டு, சரக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆபீசில் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். மறுவாரம் மீசை ஆறு பெட்டிகளையும் கொண்டுவந்து என் மேஜைமேல் அடுக்கினார். ஆறு அட்டையும் கறுத்துப் போயிருந்தன. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"ஜெயிச்சுட்டியாமே."

"ம்."

"எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவன் சொன்னதுக்குச் சரின்னு தலையாட்டிட்டு, மருந்து வந்து சேர்ந்தப்புறம் கேஸ் போட்டிருக்க முடியாதாடி? அவன் பாதியைத் தின்னுட்டு பாதியை அனுப்பியிருந்தாலும் எம்பொண்ணுக்குப் போதுமே."

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? குழாய்க்கெல்லாம் எழுதின வரி, அன்றைக்கு ஃபோனில் என் வாயில் வரவில்லை.

"முடிஞ்சிருக்கும்க்கா" என்றேன். "ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தா போதும்."



"அப்ப ஏண்டி சொல்லலே?" என்றாள்.