எடுத்து வைத்த பெட்டி

மருந்தறை ஜன்னலில் நின்ற நர்ஸ் உனாய்சி மூன்றாவது முறையாகச் சொன்னாள்: "மெரேயாகிட்ட ஒரு வார்த்தை கேளேன், அக்கா. அவகிட்ட இருக்கும்."

மெரேயா! அந்தப் பெயரைக் கேட்டாலே மருந்தாளர் லவேனியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபிஜி முழுக்கப் பென்சிலின் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்து ஆறு வாரம் ஆகிறது. கப்பல் வரும்போதெல்லாம் 'கையிருப்பு இல்லை' என்ற சீட்டுதான் வந்து இறங்குகிறது. ஆனால் அக்கரை ஆஸ்பத்திரியில் மெரேயாவின் அலமாரி மட்டும் காலியாவதில்லை. படிக்கிற காலத்தில் லவேனியாவின் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவள். இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் அவளுக்குத்தான் கைதட்டல். அப்படி என்ன பெரிய சாமர்த்தியம்? கூச்சமே இல்லாமல் எல்லோரிடமும் 'கெரெகெரே' கேட்பாள், அவ்வளவுதான். உரிமையோடு அப்படிக் கேட்டு நிற்பவரை வெறுங்கையோடு அனுப்ப இந்த ஊரில் யாருக்கு மனம் வரும்?

"அவகிட்டப் போய்க் கையேந்தணுமா? கப்பல் வரட்டும்." இரண்டு வாரமாக லவேனியா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் வெளியே பெஞ்சில் ஒன்பது வயது சேரா உட்கார்ந்திருந்தாள். வாதக் காய்ச்சல் ஏற்கெனவே ஒருமுறை அவள் இதயத்தைப் பதம் பார்த்திருந்தது. நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி தவறக்கூடாது, இன்னொரு காய்ச்சலை இவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று அவள் முறை.

லவேனியா பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அடியே, இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?" மெரேயா சிரித்தாள்.

"கெரெகெரே, மெரேயா. பென்சிலின் ஒரு பெட்டி."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"உனக்குன்னே ஒரு பெட்டி எடுத்து வெச்சிருந்தேன்டி, ரெண்டு வாரமா. நானா அனுப்பினா உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வரும், திருப்பி அனுப்பிடுவே. கேப்பே கேப்பேன்னு பாத்தேன். நேத்து லாவ் தீவுக்காரங்க வந்து கெரெகெரே கேட்டாங்க. கேட்டவங்ககிட்ட இல்லேன்னு சொல்ல முடியுமா? அதான் கடைசிப் பெட்டி."

போனை வைத்த பிறகும் லவேனியாவுக்கு வயிறு எரிந்தது. இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாள்.

வெளியே போய், ஊசி இல்லை என்று மெல்லச் சொன்னாள்.

"நெஜமாவா அத்தை? இன்னைக்குக் குத்தமாட்டாங்களா?" சேரா துள்ளி எழுந்து லவேனியாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எல்லாரையும் விட நீங்கதான் நல்ல அத்தை!"

எல்லாரையும் விட. எத்தனை வருடமாக அவள் ஏங்கிய சொல். சேராவின் முதுகில் கை வைத்தாள். அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது கையில் தெரிந்தது.