அச்சறைச் சுவர்

கனகா குடியிருந்த வீட்டின் மேற்குச் சுவருக்கு அந்தப்புறம் பீங்கான் கம்பெனியின் சூளை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். சூளை எரியும் நாட்களில் அதில் உள்ளங்கை வைக்க முடியாது. வெடிப்புகளின் வழியே டீசல் புகை கசிந்து வரும். வீடு கம்பெனி கொடுத்தது. அவள் புருஷன் கலியமூர்த்திதான் அந்தச் சூளைக்குத் தீ போடுகிறவன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து வெயிலில், ஐந்து வயது மகள் இனியாவுக்கு மூச்சிழுப்பு கண்டது.

"வூட்ல யாராச்சும் பீடி குடிக்கிறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. செவுருதான் புகையுது."

அவர் சிரித்துக்கொண்டே மருந்து எழுதினார்.

கனகா முதலாளியிடம் போய் நின்றாள். அவர் கொத்தனாரை அனுப்பி, வீட்டுப் பக்கம் சிமெண்டு பூசிக் கொடுத்தார். புகை குறைந்தது. ஆனால் ஐப்பசி மழையில் தரையிலிருந்து சுவரில் ஏறிய ஈரத்தைச் சூளைச் சூடு இந்தப்புறம் தள்ளியது. வெளியேற வழியில்லாமல் ஈரம் பூச்சுக்குள் தங்கியது. பூச்சு உப்பிப் பெயர்ந்தது; பெயர்ந்த இடமெல்லாம் கரும்பூசணம். பிள்ளைக்கு இழுப்பு முன்னைவிட மோசமானது.

ஒரு நாள் புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அச்சறைக்குப் போனாள் கனகா. களிமண் வார்க்கும் அச்சுகளை அடுக்கி வைக்கும் அறை அது. அதுவும் சூளையை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் உள்ளே சூடும் இல்லை, ஈரமும் இல்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

அச்சு துடைத்துக்கொண்டிருந்த பெரியநாயகி சொன்னாள்: "இது ரெட்டைச் செவுருக்கா. நடுவுல சந்து வுட்டு, காத்து போக ஓட்டை வச்சிருக்குது. ஈரம் பட்டா அச்சு வீணாப்பூடுமே. உங்க வூட்டுக்காரருதான் போன வருஷம் கொத்தனாரு கூட நின்னு கட்டுனாரு."

கலியமூர்த்தி வந்து தூக்குவாளியைத் திறந்தான்.

"ரெட்டைச் செவுரு கட்டுனா சூடு வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏங்க கேக்கல?"

"கேட்டா வூட்டக் காலி பண்ணுன்னுடுவாரோன்னு…" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அன்று மத்தியானமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்லூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினாள். ஒரு மாதத்தில் இனியாவின் இழுப்பு தணிந்தது.

தை மாதம் கலியமூர்த்தி வந்தான்.

"செவுரு கட்டிட்டேன். சந்து வுட்டு நானே கட்டுனேன். வூட்டுக்கு வா."

"முதலாளி ஒத்துக்கிட்டாரா?"

"கேட்டதும் சரின்னுட்டாரு. ஒடஞ்ச கல்லு கெடக்குது, எடுத்துக்கன்னாரு. அவ்ளோதான்."

கனகா அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல் எத்தனை ராத்திரி, பிள்ளையின் நெஞ்சு விசிலடிப்பதைப் பக்கத்தில் படுத்தே கேட்டுக்கொண்டிருந்தான்!

சோறு போட்டாள். இனியா அப்பன் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவன் எழுந்து நின்றான். "துணிமணி எடுத்துக்க, கனகா."

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.