ஆர்லிஸ் வாங்கிய நீலம்

உள்ளூர்க் கடையை நாம்தான் வாழவைக்க வேண்டும் என்று ஆர்லிஸ் பேச ஆரம்பித்தால், கோல்டர்வில்லில் யார் கோப்பையிலும் காபி சூடாக இருக்காது. அவ்வளவு நேரம் பேசுவாள். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் ஒட்டுப் போர்வை தைக்கும் பெண்களுக்கென்று இருந்தது ஒரே கடை, ட்வைலாவின் 'நீலக்கோழி'. 'இங்கே வாங்கு, இல்லாவிட்டால் கடையே இருக்காது' என்று பலகை எழுதி வீட்டுக்கு வீடு புல்தரையில் நட்டவள் ஆர்லிஸ். சபதம் எடுக்கவைத்தவளும் அவள்தான். வெளியே ஒரு முழத் துணிகூட வாங்கமாட்டோம் என்று வியாழக்கிழமைத் தையல் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் கத்தரிக்கோல் மேல் கைவைத்துச் சொன்னார்கள்.

சபதம் எடுத்த அதே வாரத்தில் அதைக் காற்றில் விட்டவளும் ஆர்லிஸ்தான்.

வருகிற சனிக்கிழமை கடைச்சுற்று. சுற்றுவட்டார ஊர்ப் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு ஒட்டுப் போர்வைக் கடைகளாக ஏறி இறங்கி, கையிலிருக்கும் குட்டிப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்வார்கள். முத்திரை என்பது சாக்குதான், துணி வாங்காமல் ஒருத்தியும் இறங்கமாட்டாள். அவர்கள் கண்ணை இழுக்க நீலக்கோழியின் முன்ஜன்னலில் தொங்கவிட ஒரு போர்வை தயாராகிக்கொண்டிருந்தது. நீல வானம், வெள்ளை நட்சத்திரங்கள். நட்சத்திரங்கள் மற்றவர்கள் பொறுப்பு, வானம் முழுவதும் என் செலவு என்று ஆர்லிஸ் மார்தட்டிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமையும் கூட்டம் வராவிட்டால் மாதக் கடைசியில் கடையை மூடிவிடப் போவதாக ட்வைலா சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், அதனால்தான் ஆர்லிஸ் அதை நம்பினாள். இருவரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய்வந்தவர்கள். நீலக்கோழி இல்லாத ஒரு வியாழக்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

இவ்வளவு பாசத்தையும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள்? கடையில் வெள்ளிப் பொட்டு போட்ட நீலத் துணியைத் தடவிப் பார்த்தாள். அதன் கரையில் அச்சடித்திருந்த பெயரை, ட்வைலா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து போனில் படம் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்து புருஷன் டெல்மர் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கையில், 'காலைப்பனி' என்ற ஆன்லைன் கடையில் அதே துணியை விலை குறைவாக வாங்கிவிட்டாள். பார்சல் வந்ததும் யார் அனுப்பினார்கள் என்றுகூடப் படிக்காமல், உறையைக் கொல்லைப்புறத் தகரப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள். துணி வாங்கிய விஷயம் புருஷனுக்குத் தெரியக்கூடாது என்பது அந்த ஊர்ப் பெண்களின் பொது தர்மம். இந்த முறை ட்வைலாவுக்கும் தெரியக்கூடாது. கேட்டால், எப்போதோ அவளிடமே வாங்கி அலமாரியில் வைத்திருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. புதன்கிழமை போனில் மகளோடு பேசிக்கொண்டே துணியை வெட்டியதில், கடைசி இரண்டு வரிசைக்கான பட்டைகள் ஓர் அங்குலம் குறைந்துபோயின. ஆர்லிஸ் தலையில் கைவைத்தாள். பதறிப்போய் காலைப்பனியில் இன்னொரு தரம் ஆர்டர் போட்டாள். போட்ட பிறகுதான் பார்சல் வர நாலு நாள் ஆகும் என்பது உறைத்தது.

ஆகவே வியாழக்கிழமை, கூட்டம் சேருவதற்கு முன்பே, முடிக்காத போர்வையைக் கையில் தூக்கிக்கொண்டு நீலக்கோழிக்குள் நுழைந்தாள்.

"என்னடி, பால் கறக்கிற நேரத்துல வந்து நிக்கிற?" என்றாள் ட்வைலா.

"அந்த வெள்ளிப் பொட்டு நீலம் இருக்குல்ல, அதுல ரெண்டு கஜம் வேணும்."

"எதுக்கு?"

"தலகாணி உறைக்கு."

"டெல்மருக்கா? மான் கொம்பு படம் போட்ட தலகாணிதான் வேணும்னு அடம் பிடிக்கிற ஆளாச்சே! வெள்ளிப் பொட்டுல எப்படித் தலைய வைப்பாரு?"

"வயசானா மனுஷன் மாறமாட்டானா? நீ வெட்டு."

ட்வைலா சுருளை விரித்து, அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்தாள். ஆர்லிஸ் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இனிமேல்தான் பெரிய கண்டம். ஒரே பெயர், ஒரே கம்பெனி என்றாலும், சாயம் ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் நிறம் ஒரு மயிரிழை மாறிவிடும். வீட்டு விளக்கில் தெரியாது. பகல் வெளிச்சத்தில், அதுவும் முன்ஜன்னலில், வானம் பாதியில் வெளுத்துப்போனதை வேனில் வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். இந்த நீலம் வேறு எங்கோ வாங்கியது என்று பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

புதுத் துணியைப் போர்வையின் மேல் வைத்தாள்.

நீலம் எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவள், பாதியில் அதை நிறுத்தினாள். இப்படிப் பொருந்தவே பொருந்தாதே! குனிந்து பார்த்தாள். போர்வையில் இருந்த துணியில் அச்சு லேசாக வழுக்கி, சாண் இடைவெளிக்கு ஒரு பொட்டு வால் முளைத்து நின்றது. தைக்கும்போது பார்த்து மனசுக்குள் திட்டியிருக்கிறாள். இப்போது வெட்டிய துணியிலும் அதே இடைவெளியில் அதே வால். இரண்டும் ஒரே சுருளில் வெட்டியவை.

திரும்பினாள். ட்வைலா கல்லாவில் முழங்கையை ஊன்றி நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பொருந்துதா?"

"ட்வைலா..."

"பொருந்தாம எங்க போகும்? ரெண்டையும் வெட்டினது நான்தானே." கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு பார்சலை எடுத்து வைத்தாள். மேலே ஆர்லிஸின் பெயரும் விலாசமும் இருந்தன. "இது நேத்து நீ பதறியடிச்சுப் போட்ட ஆர்டர். காலைப்பனி நான்தான்டி. பக்கத்து ஊர் தபால்பெட்டி விலாசத்துல, ஒரு வருஷமா நடத்துறேன்."

ஆர்லிஸின் முகம் இருந்த இடத்தில் தக்காளிப்பழம் இருந்தது.

"தெருவைத் தாண்டி வந்தா கையில குடுத்திருப்பேன். நீ என்னடான்னா அதை ஒமஹா பெரிய தபால் ஆபீஸ் வரைக்கும் ஊர்கோலம் அனுப்பித் திருப்பி வாங்குற. பகல்ல இங்க உக்காந்து என் கடையைக் காப்பாத்தப் பேசுவ. நான் கேட்டுக்கிட்டே உன் பார்சலுக்கு டேப் ஒட்டுவேன். உள்ள ஒரு மிட்டாய்கூடப் போட்டேன். தின்னியா?"

"தின்னேன்" என்றாள் ஆர்லிஸ் ஈனக்குரலில்.

ட்வைலா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆர்லிஸ், சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் சும்மா ஒரு பேச்சு. மூடுறதுன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். வாடகை, ஹீட்டர், இதெல்லாம் எதுக்கு? வீட்டு நிலவறையில இருந்தே பார்சல் போட்டுக்கலாம். என் சிநேகிதியே என்னை அங்கதானே தேடி வர்றா."

அந்த வார்த்தை ஆர்லிஸை நெஞ்சில் அடித்தது. கடையை மூடவைப்பது பெரிய கம்பெனிகள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். மூடவைத்தது போனைத் தட்டிய அவளுடைய கட்டைவிரல். அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இந்தக் கல்லா, இந்தக் காபி, இந்தக் கிண்டல் எல்லாம் போய்விடும்.

கதவுமணி அடித்தது. பெண்கள் தையல் மெஷின்களோடும் பிளம் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டித் தட்டுகளோடும் வந்து உட்கார்ந்தார்கள். ஆர்லிஸ் உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"ஐயோ, இன்னைக்கும் பேச்சா?" என்றாள் லவோன், கூட்டத்திலேயே மூத்தவள், வாயும் நீளமானவள்.

"இன்னைக்குக் கொஞ்சமாத்தான் பேசுவேன். இந்த நீலத்தை நான் இங்க வாங்கல. சபதத்தை மீறி ஆன்லைன்ல வாங்கினேன், காலைப்பனியில. பலகையை நட்டதுக்குப் பதிலா என்னைத்தான் புல்தரையில நட்டிருக்கணும். திட்டுறதுன்னா திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. கொலாச்சியை யாரும் தொடவுமில்லை. லவோன் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில். மற்றவர்கள் அவரவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், அவ ஒருத்தி மட்டும் ஏன் நிக்கணும்?" என்ற ட்வைலா, கல்லாவுக்கு அடியிலிருந்து பார்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே அடுக்கினாள். "லவோன், உங்க பூப்போட்ட மஞ்சள் துணி. தபால்ல போட இருந்தேன். வாங்க, நேர்லயே வாங்கிக்கோங்க."

"எனக்கு மஞ்சளே பிடிக்காதே!" என்றாள் லவோன்.

"வருஷம் முழுக்க மஞ்சளாத்தான் வாங்கியிருக்கீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அவ்வளவுதான், கடையே அதிர்ந்தது. லவோன் எழுந்து போனாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, கல்லாவின் முன் வரிசையாக நின்றார்கள். ஆர்லிஸ் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

அவள் முறை வந்தபோது மெல்லக் கேட்டாள். "சனிக்கிழமைக்கு அப்புறம் என்ன பண்ணப்போற?"

ட்வைலா வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்புறம் என்ன, வியாழக்கிழமை வரும். வரும்போது போனை வீட்டுல வெச்சிட்டு, பர்ஸை எடுத்துட்டு வா."

ஆர்லிஸ் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள். ட்வைலா நீலத் துணியில் ஒரு துண்டு கிழித்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள நீட்டினாள், இதற்கும் பில் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே.